குரலில் ஒளிந்திருந்ததை எழுத்துக்குக் கொண்டுவந்த மொழி

"என்ன பிள்ளை, இன்னும் சமையல் முடியேல்லையோ?"

இந்த ஒரு வசனத்தை நீங்கள் எத்தனை விதமாகக் கேட்டிருப்பீர்கள்? பசியோடு வந்த மாமி அன்பாகக் கேட்பதும் இதுதான். முற்றத்தில் நாலு பேர் இருக்கும்போது, மருமகள் ஒன்றுக்கும் உதவாதவள் என்று அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கேட்பதும் இதே சொற்கள்தான். எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. மாறுவது குரல் மட்டுமே. "ஏன் இப்படிக் கேட்கிறியள்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும். "நான் இப்ப என்ன சொல்லிப் போட்டன்? சும்மா கேட்டனான்."

இதே சங்கடம் முறைப்பாடு எழுதும் மேசையிலும் வருகிறது. "அவர் என்ன சொன்னவர்?" என்று எழுதுபவர் கேட்பார். சொன்ன சொற்களை அப்படியே ஒப்புவித்தால் அவற்றில் குற்றம் எதையும் காணமுடியாது. எழுதுபவர் பேனாவை வைத்துவிட்டு, "இதில என்ன இருக்குது?" என்பதுபோல் பார்ப்பார். நெஞ்சைக் கீறியது குரல். குரலைத் தாளில் எழுத எழுத்தில்லை.

இதற்கென்று எழுத்து ஆக்கிப் பார்த்த ஒரு பெண் அமெரிக்காவில் இருந்தார். அவர் ஆக்கியது ஒரு முழு மொழி. இம்மாதம் அந்த மொழியின் ஒலிகளைப்பற்றித்தான் கதைக்கப்போகிறோம். இலக்கணப் பாடம் என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

அவர் பெயர் சுசெட் ஹேடன் எல்ஜின். 1936இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். முதற்கணவரை இளவயதிலேயே இழந்து, பின்னர் மறுமணம் செய்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்றார். படிப்புச் செலவைச் சமாளிப்பதற்காகவே விஞ்ஞானப் புனைகதைகள் எழுதத் தொடங்கினார். அமெரிக்கப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான நவஹோவின் வாக்கிய அமைப்பை ஆராய்ந்து 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே நகரிலுள்ள இன்னொரு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1980இல் ஓய்வு பெற்று ஆர்கன்சா மாநிலத்தின் மலைப்பகுதியிற் குடியேறினார். 2015இல் காலமானார்.

ஓய்வு பெற்ற அந்த 1980ஆம் ஆண்டிலேயே, சொல்லால் அடிப்பவர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்று ஒரு நூலை எழுதினார். அது பெரிதாக விற்பனையானது. தொடர்ந்து பல பாகங்களும் வந்தன. ஒருவர் கைநீட்டாமலே, வசைச்சொல் ஒன்றும் கூறாமலே இன்னொருவரை எப்படிக் காயப்படுத்துகிறார் என்பதை அதில் அவர் விளக்கினார். ஆங்கிலத்தில் அந்த அடி பெரும்பாலும் ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதில் இருக்கிறது என்பது அவர் கண்டது. 'உண்மையிலேயே பிள்ளைகளில் அன்பு இருந்தால் நீ இப்படிச் செய்வாயா' என்ற மாதிரியான வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'உண்மையிலேயே' என்பதை அழுத்திச் சொல்லும்போது, உனக்கு அன்பில்லை என்ற தீர்ப்பு விவாதமே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. தாளில் எழுதினால் வெறும் கேள்வி.

இரண்டாண்டுகள் கழித்து, 1982ஆம் ஆண்டு யூன் 28ஆம் திகதி, எல்ஜின் ஒரு புதிய மொழியை ஆக்கத் தொடங்கினார். பெண்கள் உணர்வனவற்றைச் சொல்ல ஆங்கிலத்திற் போதிய வழியில்லை, ஒரு சொல்லிற் சொல்லவேண்டியதை நீண்ட விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது, அந்த விளக்கம் முடியும்வரை கேட்க எவருக்கும் பொறுமை இருப்பதில்லை என்பது அவருடைய எண்ணம். அந்த மொழியைக் கதைப்பொருளாக்கி 1984இல் 'நேட்டிவ் டங்' என்ற நாவலை வெளியிட்டார். 'தாய்மொழி' என்று பொருள். எதிர்கால அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமை உட்பட எல்லா உரிமைகளையும் இழந்து கிடக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களில், பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டதென்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்கென்று ஒரு தனி வீடு இருக்கிறது. அதன் பெயரே 'மலட்டு வீடு'. அங்கே இருந்துகொண்டு ஆண்களுக்குத் தெரியாமல் அவர்கள் ஒரு மொழியை ஆக்குகிறார்கள். ஆண்கள் வந்து பார்த்தால் காட்டுவதற்கென்று, ஒன்றுக்கும் உதவாத வேறொரு பொய் மொழியையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்! கதை கற்பனை, மொழி மட்டும் மெய்யாகவே ஆக்கப்பட்டது. அதன் அகராதியும் இலக்கணமும் 1985இல் நூலாகவே வெளிவந்தன.

மொழியின் பெயர் லாஅடன். 'உணர்பவர்களின் மொழி' என்று பொருள்படும்.

இந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல் உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ல, அ, டன் என்று மூன்று அசைகளாகச் சொல்லவேண்டிய பெயர் இது. முதல் அசையிற் குரல் சற்று உயர்ந்து, இரண்டாவதில் இயல்புக்கு இறங்கும். குரல் உயரும் இடத்தை எல்ஜின் உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு கோடிட்டுக் காட்டினார். எமது எழுத்தில் அந்தக் கோடு இல்லாதபடியால், அத்தகைய இடங்களை இந்தக் கட்டுரையில் நெடில் எழுத்தாற் காட்டுகிறேன். நீட்டவேண்டியதில்லை, உயர்த்தினாற் போதும்.

லாஅடனின் ஒலிகள் மிகக் குறைவு. உயிர் ஐந்து, மெய் பதின்மூன்று. உயிர்கள் எமது அ, எ, இ, ஒ, உ போன்றவையே. மெய்களில் ம, ந, ல, ர, ய, ஹ, ஷ ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. 'அம்பு' என்னும்போது வருகின்ற மெலிந்த ப, 'வண்டி' என்னும்போது வரும் ட போல ஒன்று, உதட்டைக் குவித்துச் சொல்லும் வ, நாவைப் பற்களுக்கிடையில் வைத்து ஊதும் ஓர் ஒலி என்பனவும் உண்டு. ஆங்கில எழுத்தில் எமது ழகரத்தை எழுதும் அதே இரட்டை எழுத்து இங்கும் வருகிறது. ஆனால் அது ழகரம் அல்ல, ஷகரத்தைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலி. ககரம் அறவே இல்லை, சகரமும் இல்லை. 'அக்கா' என்று கூப்பிட அந்த மொழியில் வழியில்லை என்பது எனக்குச் சற்றுக் கவலைதான்.

எல்லோராலும் இலகுவாகச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது எல்ஜினின் நோக்கம். ஆகவே இரண்டு மெய்கள் முட்டிக்கொள்ள அவர் விடுவதில்லை. இடையில் ஓர் எகரம் வந்து விலக்குப் பிடிக்கும். 'கிளாஸ்' என்று நாங்கள் ஓர் இகரத்தைச் செருகி ஆங்கிலச் சொல்லை வாய்க்கு இசைவாக்குவது போல. இரண்டு உயிர்கள் முட்டினால் நடுவே ஹகரம் வரும். மணி, அடி இரண்டும் சேர்ந்து மணியடி ஆகும்போது நடுவில் யகரம் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதே வேலைதான்.

இவ்வளவும் வசதிக்காக. இனி வருவதுதான் நோக்கத்துக்காக.

லாஅடனில் எந்த வசனத்தையும் நினைத்தபடி தொடங்கமுடியாது. முதலில், தான் செய்யப்போவது என்ன என்பதைச் சொல்லவேண்டும். கூற்று என்றால் பீஇ. கேள்வி என்றால் பாஅ. எச்சரிக்கை என்றால் பேஎ. வேண்டுகோள் போஒ. கட்டளை என்றால் போ. (கட்டளைக்கு 'போ' என்றே அமைந்தது தற்செயல்தான், என்றாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.) கட்டளைச் சொல் சிறுபிள்ளைகளிடம் அன்றி மிக அரிதாகவே பாவிக்கப்படும் என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. ஆக, கட்டளையிட்டுவிட்டு "நான் கேட்டுத்தானே பார்த்தனான்" என்று ஒருவர் நழுவமுடியாது. சொல்லின் முதல் அசையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதோடு விடவில்லை. அந்த முதற்சொல்லின் வாலில் இன்னொரு சிறு ஒலியை ஒட்டலாம். கோபத்தோடு சொல்கிறேன் என்றால் ஒரு டகர மெய் ஒட்டும், பீஇட். நோவோடு சொல்கிறேன் என்றால் நாவைப் பற்களுக்கிடையில் வைத்து ஊதும் ஒலி. அன்போடு என்றால் பீஇலி. பயத்தோடு என்றால் பீஇய. பகிடியாக என்றால் பீஇட. ஆங்கிலத்திலும் தமிழிலும் குரலே சுமக்கின்ற வேலையை, மறுக்கமுடியாத ஓர் எழுத்திடம் ஒப்படைத்தார் எல்ஜின். "பகிடிக்குத்தானே சொன்னனான், அதுக்கேன் அழுகிறாய்?" என்ற வசனம் எத்தனை வீடுகளில் எத்தனை தடவை பாவிக்கப்பட்டிருக்கும்! லாஅடனில் பகிடி என்றால் பகிடி என்று முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

வசனத்தின் முடிவிலும் ஒரு காவல் உண்டு. இப்போது சொன்னது உனக்கு எப்படித் தெரியும் என்பதற்கான பதில் அது. நானே உணர்ந்தது என்றால் வ. எல்லோருக்கும் வெளிப்படையானது என்றால் வி. கனவிற் கண்டது என்றால் வெ. கற்பனை என்றால் வொ. மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியவே தெரியாது என்றால் வோஒ.

இது முற்றிலும் புதிய யோசனை அல்ல. துருக்கி மொழியிலும் தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியிலும் நேரிற் கண்டதற்கும் கேள்விப்பட்டதற்கும் வேறு வேறு விகுதிகள் உண்டு. எமக்கும் இது புதிதல்ல. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள தூரம் எங்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? முகாமிலிருந்து வந்தவர் ஒருவர் கண்டாராம், பஸ்ஸில் ஏற்றினார்களாம், பெயர்ப்பட்டியலில் இருந்ததாம் என்று எத்தனை 'ஆம்'களைச் சுமந்துகொண்டு பெண்கள் அலைந்தார்கள். ஆனால் எமது 'ஆம்' ஒன்றே ஒன்றுதான். சொன்னவரை நம்பிச் சொல்கிறோமா நம்பாமற் சொல்கிறோமா என்பது அதிலே தெரியாது. அதையும் குரல்தான் காட்டவேண்டும்.

லாஅடன் இங்கேதான் ஒரு படி மேலே போகிறது. சொன்னவரை நம்புவதால் மெய்யென்று கொள்கிறேன் என்பதற்கு வாஅ. சொன்னவரை நம்பாததால் பொய்யென்று கொள்கிறேன் என்பதற்கு வஆ. ஒலிகள் இரண்டிலும் ஒன்றே. முதலதிற் குரல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மற்றதிற் கீழிருந்து மேலே ஏறுகிறது. மெல்லச் சொல்லிப் பாருங்கள். ஏறும் குரலில், புருவமும் கூடவே ஏறுவதைக் காண்பீர்கள்.

நம்பாதது மட்டுமல்ல, சொன்னவரின் நோக்கமே கெட்டது என்று நினைத்தால்? அதற்கு வஆ என்பதன் கடைசியில் இன்னோர் ஒலி சேரும். இதுதான் பதின்மூன்று மெய்களிலும் ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லாத ஒன்று. நாநுனியை மேற்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, அளவுக்கு மிஞ்சிச் சிரிப்பதுபோல் வாயோரங்களைப் பின்னால் இழுத்து, ஷ் என்று சொல்ல முயலுங்கள். நாவின் பக்கவாட்டால் காற்று சீறிக்கொண்டு வரும். கோபித்த பூனையின் சத்தம் போலிருக்கும். தமிழில் இதை எழுத எழுத்தில்லை. கேட்பதற்கு இனிமையானதல்ல; இனிமைக்காக வைக்கப்பட்டதும் அல்ல. ஒரு சொல்லோடு இந்த ஒலியைச் சேர்த்தால் அச்சொல்லுக்குக் கெட்ட கருத்து ஏறிவிடும்.

எமது ஆச்சிமார் உச்சுக்கொட்டுவதை நினைத்துப் பார்த்தேன். இரக்கத்துக்கு ஒருவிதம், வெறுப்புக்கு ஒருவிதம். அதுவும் நெடுங்கணக்கில் இல்லாத ஒலிதான். ஆனால் அது சொல்லுக்கு வெளியே நிற்கும், "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்று ஆச்சி தப்பிவிடலாம். எல்ஜின் சீறலைச் சொல்லுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

என் மனதில் மிகவும் பதிந்தது, எல்லாவற்றிலும் சிறியதான அந்த வ. கண்ணாற் கண்டதற்கும் காதாற் கேட்டதற்கும் மட்டும் உரியதல்ல அது. உள்ளே உணர்ந்ததற்கும் அதே வ தான். மழை பெய்கிறது என்று முற்றத்தைப் பார்த்துச் சொல்பவளும், எனக்கு நெஞ்சு நோகிறது என்று சொல்பவளும் ஒரே சான்றோடு வசனத்தை முடிக்கிறார்கள். நோவுக்கு இரண்டாந்தரச் சான்று அங்கே கிடையாது. "உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்று ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

சொற்களையும் ஓரிரண்டு பார்ப்போம். லொரொலொ என்றால் இடி. சொல்லும்போதே வானம் உருளுகிறது. 'ர' என்ற முன்னொட்டுக்கு 'அல்ல' என்று பொருள். ரலொரொலொ என்றால் 'இடி அல்லாத இடி'. விடயம் தெரியாதவர்கள் போடும் வெறும் ஆரவாரப் பேச்சு. ரடீஇடின் என்றால் 'திருநாள் அல்லாத திருநாள்'. பெயருக்குப் பண்டிகை, ஆனால் வேலையும் விருந்தாளிகளும் குவிந்து, ஒருவரும் கைகொடுக்காமல், எப்போது முடியும் என்று வீட்டுப்பெண் ஏங்கும் நாள். இதற்கு உதாரணம் நான் சொல்லத் தேவையில்லை.

கோபத்துக்கு மட்டும் பல சொற்கள். பல என்றால், காரணமும் உண்டு, பொறுப்பாளியும் உண்டு, ஆனால் கோபித்துப் பயனில்லை. பர என்றால், காரணமும் உண்டு, பொறுப்பாளியும் உண்டு, கோபித்தாற் பயனும் உண்டு. (இரண்டிலும் 'அம்பு'வில் வரும் ப.) லகரம் ரகரமாக மாறுவதில் எவ்வளவு பெரிய வேறுபாடு!

டொஓலெடொஷ் என்று ஒரு சொல். வரப்போகிறதே, வரப்போகிறதே என்று நடுங்கிக்கொண்டிருந்த துயரம் வந்தே விட்டபோது, காத்திருப்பு முடிந்ததே என்பதனால் ஆறுதலாகவும் இருக்கின்ற இழப்பு. இதை வாசித்தபோது நான் சற்று நேரம் மேலே வாசிக்கவில்லை. அந்த ஆறுதல்கூடக் கிடைக்காமல், படத்தைக் கையிலேந்தி ஆண்டுக்கணக்காக வீதியோரம் நிற்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நிலை வேறு. அதற்கு வேறொரு சொல் வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படியே ஏற்கத்தான் வேண்டுமா என்றால், எனக்கும் கேள்விகள் உண்டு. வசனத்தின் தொடக்கத்தில் 'அன்போடு' என்று ஒட்டிவிட்டு ஒருவர் நஞ்சைக் கக்கமுடியாதா? முடியும். பொய்யைத் தடுக்கும் எழுத்து எந்த மொழியிலும் இல்லை. ஆனால் அப்போது பொய் சொற்களிலேயே பதிந்துவிடும். வாக்குமூலத்தில் அதை எழுதலாம், திருப்பி வாசித்துக் காட்டலாம். குரலை அப்படி வாசித்துக் காட்டமுடியாது. இன்னொரு கேள்வி, எல்லாப் பெண்களும் ஒரேவிதமாகவா உணர்கிறார்கள்? ஆர்கன்சா மலைப்பகுதியில் இருந்து எழுதிய ஒருவரின் திருநாளும் எங்கள் திருநாளும் ஒத்துப்போனது வியப்புத்தான். எல்லாம் ஒத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

எல்ஜின் தமது முயற்சிக்குப் பத்தாண்டுத் தவணை வைத்தார். பெண்கள் இம்மொழியை ஏற்கவேண்டும், அல்லது இதைவிடச் சிறந்த ஒன்றை அவர்களே ஆக்கவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1994இல் தவணை முடிந்தபோது இரண்டும் நடக்கவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதே காலத்தில், 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தில் வரும் வேற்றுக்கிரகப் போர்வீரர்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் ஆக்கிய கிளிங்கன் மொழி ஓகோவென்று பரவியது. 1985இல் அகராதி, 1992இல் அதற்கென்றே ஒரு நிறுவகம். போர்வீரர் மொழிக்குக் கிடைத்த வரவேற்பு பெண்களின் மொழிக்குக் கிடைக்கவில்லையே என்பதை எல்ஜினே ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மனிதர் பேசுவதுபோல் இருக்கக்கூடாதென்று கிளிங்கனுக்குத் தெரிந்தெடுத்த ஒலிகளுள் ஒன்று நாவை மடித்துச் சொல்லும் ட. 'வீடு', 'நாடு' என்று நாள்தோறும் நாங்கள் சொல்லும் அதே ட தான்! யாருக்கு எது வேற்றுக்கிரகம் என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆயினும் லாஅடன் அழிந்துவிடவில்லை. நாவல் 2000ஆம் ஆண்டில் ஒரு பெண்ணியப் பதிப்பகத்தால் மறுபதிப்பாக வந்தது. மொழியைக் கற்பவர்கள் சிறுதொகையினராக இன்றும் இருக்கிறார்கள்.

நீங்களும் ஒரு வசனம் சொல்லிப் பார்க்கலாம். பீஇ ஆய மஹின வ. 'ஆய' என்றால் அழகாயிருத்தல், 'மஹின' என்றால் பூ. பூ அழகாயிருக்கிறது. பல பூக்கள் என்றால் 'மெ' சேர்ந்து, நடுவில் ஹகரம் வந்து, பீஇ மெஹாய மஹின வ. முற்றத்தில் நித்தியகல்யாணி பூத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பாராமற் சொல்வதென்றால் கடைசியில் வ வராது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும் என்றால் வாஅ. அந்த அக்காவின் கதையை நீங்கள் நம்புவதில்லை என்றால் வஆ.